நாலு கோடு சிக்னல் இருக்கு, ஆனா ஒண்ணும் நகர மாட்டேங்குது

போன மாசம் ஒரு பாட்டி எங்கிட்ட போனை நீட்டி, "சிக்னல் ஃபுல்லா காட்டுது கண்ணு, ஆனா தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு, போன் கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் பாரேன்"ன்னாங்க. வாங்கிப் பாத்தேன். போன் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டுப்போனது போன் இல்லன்னு அவங்களுக்குப் புரிய வைக்கத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. இத்தனைக்கும் நான் கொஞ்ச வருஷம் வயர்லெஸ் லிங்க் போடுற வேலை பாத்தவன், கோபுரத்துல ஏறி ஆன்டெனா திருப்பினவன். அந்த அரை மணி நேரத்துல சொல்ல முடியாம விட்டதையெல்லாம் இங்க எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்தக் கோடு. போன்ல தெரியுற நாலு கோடும் உங்க போனுக்கும் பக்கத்துல இருக்குற டவருக்கும் நடுவுல சிக்னல் எவ்வளவு பலமா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். அந்த டவருக்குப் பின்னாடி என்ன வருதுன்னு அதுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டாச்சு, ஆனா மெயின் பைப் அரை இஞ்ச்சுதான், அப்ப என்ன ஆகும்? அதேதான். டவருக்குப் பின்னாடி வர்ற அந்த மெயின் பைப்பைத்தான் பேக்ஹால்னு சொல்லுவோம். பெரிய நகரத்து டவருக்கெல்லாம் ஃபைபர் கேபிள் நேரா போயிருக்கும். ஒதுக்குப்புறமான ஊருக்கு அப்படி இல்ல, ஒரு டவர்ல இருந்து அடுத்த டவருக்குக் கேபிள் இல்லாம மைக்ரோவேவ்ங்குற ரேடியோ அலையில தாவி, அதுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவி, நாலாவது தாவல்ல இருக்குறதுதான் நம்ம ஊர் டவர். முதல் தாவல்ல கோளாறுன்னா வரிசையா எல்லாமே படுத்துடும். கோளாறே இல்லன்னாலும் சாயங்காலம் எல்லாரும் வேலை முடிச்சு வந்து ஒரே நேரத்துல வீடியோவைத் திறந்தா அந்த அரை இஞ்ச் பைப்பை நாலு ஊர் சேர்ந்து உறிஞ்சணும். கோடு மட்டும் ஃபுல்லாவே நிக்கும், ஏன்னா அது பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது.

கவரேஜ் மேப்னு ஒண்ணு காட்டுவாங்களே, கலர் அடிச்சு, அதுவும் இதே கதைதான். பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வரையுறது. ஓட்டுக்குக் கீழ, தடிச்ச சுவத்துக்கு உள்ள, மேட்டுக்குப் பின்னாடி இருக்குற பள்ளத்துல என்ன கிடைக்கும்னு நடந்து போய் அளந்து பாத்து அடிச்ச கலர் இல்ல. மேப்ல உங்க ஊருக்கு ஒரு தடவை கலர் விழுந்துட்டா போதும், அப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, "அங்கதான் கொடுத்தாச்சே"ன்னுடுவாங்க. கலரே விழாத ஊரை விட, கலர் விழுந்தும் கிடைக்காத ஊரோட நிலைமைதான் மோசம்னு நான் நினைக்கிறேன், புகார் கொடுத்தாக்கூட நம்ப ஆள் இருக்காது.

தீவுன்னா இது இன்னும் ஒரு படி சிக்கல். தண்ணி மேல டவர் நட முடியாது. பூமி உருண்டைங்குறதால ரெண்டு பக்கமும் 30 மீட்டர் உயரத்துல ஆன்டெனா வச்சாக்கூட சுமாரா 45 கிலோமீட்டர் வரைக்கும்தான் ஒண்ணை ஒண்ணு பாக்கும், அதுக்கு மேல கடலே குறுக்க வந்து நிக்கும். மலை உச்சி கிடைச்சா கதை வேற. வெனிசுலால எர்மான்னோ பியத்ரோசெமோலின்னு ஒரு பேராசிரியர் 2007-ல ரெண்டு மலை உச்சிக்கு நடுவுல சாதாரண வைஃபை கருவியை மாத்தி அமைச்சு 382 கிலோமீட்டர் லிங்க் போட்டுக் காட்டினார். ஆனா எல்லாத் தீவுலயும் மலையா இருக்கு?

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒரு தடவை தண்ணிக்குக் குறுக்க ஒரு லிங்க் போட்டோம். போட்ட அன்னிக்கு அருமையா ஓடுச்சு, எல்லாரும் போட்டோல்லாம் எடுத்துக்கிட்டோம். மறுநாள்ல இருந்து ஆரம்பிச்சுச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை லிங்க் விழும், ஒரு மணி நேரம் போல கிடக்கும், தானா எழுந்துடும். கேபிளை மாத்தினோம், ரேடியோவை மாத்தினோம், யாரோ வெல்டிங் பண்றாங்களோன்னு சந்தேகப்பட்டோம், எதிர்க் கரையில இருந்தவர் மேல கூட சந்தேகம் வந்துச்சு, பாவம். அதுல கொடுமை என்னன்னா விழுற நேரம் ஒரே நேரமா இல்ல, இன்னிக்குப் பத்து மணின்னா நாளைக்குப் பத்தே முக்கால், பதினொண்ணு கிட்ட. நான் நோட்டுல நேரம் எழுதிக்கிட்டு இருந்ததை எட்டிப் பாத்த ஒரு மீன்பிடிக்கிற பெரியவர் சிரிச்சாரு. "தம்பி, இது தண்ணி ஏறுற நேரம்ல"ன்னாரு. அவ்வளவுதான், தலையில அடிச்சுக்கிட்டேன். ஓதம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். ரேடியோ அலை நேராவும் போகும், கடல் மேல பட்டுத் தெறிச்சும் போகும், தண்ணி மட்டம் ஏறி இறங்கும்போது அந்தத் தெறிச்ச அலை வர்ற தூரம் மாறும், ஒரு குறிப்பிட்ட மட்டத்துல ரெண்டு அலையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு அழிச்சுடும். ஸ்காட்லாந்து மேற்குக் கரையில எடின்பரோ பல்கலைக்கழகத்துக்காரங்க தெகோலான்னு ஒரு நெட்வொர்க் போட்டு இதே ஓதப் பிரச்சனையை உக்காந்து ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்கன்னு அப்புறம்தான் படிச்சேன். வேற வேற உயரத்துல ரெண்டு ஆன்டெனா வச்சா சரியாகிடும், ஒண்ணுல அழிஞ்சா இன்னொண்ணுல கிடைக்கும். நாங்களும் அதைத்தான் செஞ்சோம். படிச்ச நாலு பேர் ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டதுக்கு அந்த ஊர்க்காரர் ஒருத்தர்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்.

ரொம்ப தூரத் தீவுன்னா ரெண்டே வழி, கடலுக்கு அடியில கேபிள், இல்லன்னா சாட்டிலைட். கேபிள்னதும் ஏதோ ஆள் தடிமனுக்கு இருக்கும்னு நினைச்சுடாதீங்க, ஆழ்கடல்ல கிடக்குறது தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஹோஸ் தடிமன்தான். உலகத்துல வருஷத்துக்கு 150, 200 இடத்துல இது அறுந்துகிட்டோ பழுதாகிட்டோதான் இருக்கு, பெரும்பாலும் மீன்பிடி வலையாலயும் கப்பல் நங்கூரத்தாலயும். பெரிய நாட்டுக்குப் பத்து கேபிள் இருக்கும், ஒண்ணு போனா யாருக்கும் தெரியாது. டோங்காவுக்கு வெளியுலகத்துக்குப் போறது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, ஃபிஜி வரைக்கும் 827 கிலோமீட்டர். 2022 ஜனவரி 15-ல கடலுக்கு அடியில எரிமலை வெடிச்சப்ப அது அறுந்துபோச்சு. சுனாமி அடிச்சிருக்கு, வீட்டுல எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு வெளிநாட்டுல இருக்குற பிள்ளைங்க தவிக்கிறாங்க, கேட்க வழி இல்ல. பழுது பாக்குற கப்பல் பாப்புவா நியூகினியில இருந்து கிளம்பி வரணும். கேபிளைச் சரி பண்ணி முடிக்க சுமார் அஞ்சு வாரம் ஆச்சு. அதுவும் தலைநகர் இருக்குற தீவுக்கு மட்டும்தான், வடக்க இருக்குற தீவுங்களுக்குப் போற உள்நாட்டுக் கேபிளைச் சரி பண்ணி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. தீவுலயும் ஒரு கடைக்கோடித் தீவு உண்டு பாருங்க.

சரி ரெண்டு கேபிள் இருந்தா தப்பிச்சுடலாமான்னா அதுவும் உறுதி கிடையாது. தைவானோட மாட்சு தீவுகளுக்கு ரெண்டு கேபிள் இருந்துச்சு, 2023 பிப்ரவரியில ஒரு வாரத்துக்குள்ள ரெண்டுமே அறுந்துச்சு. கைகொடுத்தது மைக்ரோவேவ்தான். அதுல மொத்தத் தீவும் தொங்கிக்கிட்டு நிக்க ஒரு குறுஞ்செய்தி போறதுக்கே நேரமாச்சு. அதுக்கப்புறம் அந்த மைக்ரோவேவை அகலப்படுத்தினாங்க. என்னைக் கேட்டா பழைய வழியைத் தூக்கி எறியாம வச்சிருக்குறதுதான் புத்திசாலித்தனம். புதுசு வந்ததும் பழசைக் கழட்டிடுறது ஒரு வியாதி மாதிரியே ஆயிடுச்சு.

சில ஆயிரம் பேர் இருக்குற தீவுக்கு எந்தக் கம்பெனியும் லாபம் பாத்துக் கேபிள் இழுக்காது. அப்ப அரசாங்கம் இறங்கணும், சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கும் மத்த அந்தமான் நிகோபார் தீவுகளுக்கும் 2020 ஆகஸ்ட்ல வந்த கேபிள் அப்படித்தான் வந்துச்சு, சுமார் 2,300 கிலோமீட்டர். லட்சத்தீவுக்குக் கொச்சியில இருந்து 2024 ஜனவரியில வந்ததும் அதே மாதிரிதான். இல்லன்னா போற வண்டியில தொத்திக்கணும். நெப்போலியனைக் கொண்டுபோய் வச்ச செயின்ட் ஹெலினா தீவு தெரியுமில்ல, தப்பிச்சுப் போக முடியாத தூரம்னுதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தாங்க, அங்க இப்ப இருக்குறது நாலாயிரத்துச் சொச்சம் பேர். போர்ச்சுகல்ல இருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போற எக்வியானோ கேபிள் அந்தப் பக்கமாப் போகுதுன்னு தெரிஞ்சதும் அதுல ஒரு கிளை கேட்டு வாங்கிட்டாங்க. 2021-ல கரை ஏறுச்சு, 2023 அக்டோபர்ல மக்களுக்குக் கிடைச்சுச்சு. நடுவுல அந்த ரெண்டு வருஷம் கேபிள் கரையில வந்து கிடந்தும் யாருக்கும் பிரயோஜனம் இல்ல பாருங்க. கேபிள் வந்துட்டா மட்டும் போதாது, தீவுக்குள்ள வீட்டுக்கு வீடு அதைக் கொண்டுபோக யார், என்ன விலைக்குங்குற பேச்சு முடியணும்.

சாட்டிலைட் பத்தி நிறைய பேர் கேட்குறீங்க. பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்கும், ஒரு கேள்வி போய் பதில் திரும்பி வர அரை நொடிக்கு மேல ஆகும், வீடியோ கால்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒரே நேரத்துல நிறுத்தி "நீ சொல்லு, நீ சொல்லு"ன்னு இருப்பாங்களே அது இதாலதான். ஸ்டார்லிங்க் மாதிரி புதுசெல்லாம் சில நூறு கிலோமீட்டர் உயரத்துலதான் சுத்துது, அந்தத் தாமதம் கிட்டத்தட்ட இல்ல. ஒரு சின்னத் தீவுக்கு, ஒரு மலைக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு, இது நிஜமாவே பெரிய வரம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரே பகுதியில எல்லாரும் வாங்குனா வேகம் பங்கு போட்டுத்தான் கிடைக்கும், டிஷ்ஷுக்கு ராத்திரி பகலா கரென்ட் வேணும், மாசக் கட்டணம் கூலி வேலைக்காரர் கைக்கு எட்டாது, எங்கயோ இருக்குற ஒரு கம்பெனி நாளைக்கு விலையை ஏத்தினா பேச இடமும் இல்ல. பள்ளிக்கூடத்துல ஒண்ணு, ஆஸ்பத்திரியில ஒண்ணு வச்சு அதுல இருந்து ஊருக்குப் பிரிச்சுக் கொடுத்தா அர்த்தம் இருக்கு.

வானத்துல இருந்து வர்றதுக்கெல்லாம் பத்திரிகையில இடம் ஜாஸ்தி. கூகுள் கம்பெனி பலூன் விட்டு நெட் கொடுக்கப் போறேன்னுச்சு, 2021 ஜனவரியில அதை மூடப்போறதா அறிவிச்சுட்டாங்க. ஃபேஸ்புக் பெரிய ரெக்கை வச்ச ஆளில்லா விமானம் செஞ்சுச்சு, 2018-ல கை விட்டாச்சு. பேட்டரியைப் பத்தி எந்தப் பத்திரிகையாவது முதல் பக்கத்துல எழுதிப் பாத்திருக்கீங்களா? ஆனா கிராமத்து நெட்வொர்க்கைக் கொல்றது அதுதான். தேனியில அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் சுத்துப்பட்டு ஊர்ல இருந்த பரிசோதனை மையங்களுக்கும் நடுவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க நீண்ட தூர வைஃபை போட்டுக் கொடுத்தாங்க, ஊர்ல உக்காந்தபடியே ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட வீடியோவுல கண்ணைக் காட்டலாம். பல வருஷம் ஓட்டிப் பாத்துட்டு அவங்க எழுதின முக்கியமான பாடம் என்னன்னா, வந்த கோளாறுல பெரும்பங்கு ரேடியோவால இல்ல, தரமில்லாத கரென்ட்டால. வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர் போகும், ரூட்டர் பாதி உயிரோட தொங்கும், மெமரி கார்டு கெட்டுப்போகும். என் அனுபவமும் அச்சு அசல் அதேதான், கோபுரத்துல ஏறினதை விட பேட்டரி டெர்மினல்ல உப்புப் பூத்ததைச் சுரண்டினதுதான் அதிகம்.

அப்ப யார் சுரண்டுறதுங்குறதுதான் கேள்வி. எனக்கு இந்த விஷயத்துல இருக்குற ஒரே பிடிவாதம் இதுதான், எந்தத் தொழில்நுட்பம்னு கேக்குறதுக்கு முன்னாடி, ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் போனா யாரைக் கூப்பிடுறதுன்னு கேளுங்க. பதிலா ஒரு டோல் ஃப்ரீ நம்பர் வந்தா அந்தத் திட்டம் தேறாது. அந்த ஊர்லயே ஒருத்தர், கொஞ்சம் சம்பளம், ஒரு ஏணி, ஒரு உபரி ரூட்டர், இது இருந்தா தேறும். நேபாளத்துல மகாபீர் புன்னு ஒரு வாத்தியார் தன்னோட நாங்கி கிராமத்துக்கு நெட் கொண்டுவரப் பாத்தாரு, ஆரம்பத்துல ரிலே ஆன்டெனாவை மரத்துல கட்டித்தான் ஓட்டினாரு. கோபுரம் கட்டக் காசு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருந்தா வந்திருக்காது. அப்புறம் 2007-ல மகசேசே விருது கொடுத்தாங்க, அது வேற. இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் பீஃபார்ன்னு ஒரு கூட்டுறவு 2011-ல ஆரம்பிச்சது, பெரிய கம்பெனி வராதுன்னு ஆனதும் விவசாயிங்களே தங்களோட வயல்ல பள்ளம் தோண்டி ஃபைபர் பதிச்சாங்க. ஃபைபர்ல காசு தின்னுறது கண்ணாடி இழை இல்ல, பள்ளம் தோண்டுறதும் நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்குறதும்தான். நிலமும் அவங்களோடது, கையும் அவங்களோடதுன்னா பாதிக் கணக்கு அங்கயே தீர்ந்துடுச்சு. நொடிக்கு ஒரு ஜிகாபிட், நகரத்துக்காரன் பொறாமைப்படுற வேகம். தென்னாப்பிரிக்காவுல மங்கோசியில ஸென்ஸெலேனிங்குற கூட்டுறவு சோலார்ல ஓடுற நெட்வொர்க்கை வச்சுக்கிட்டு, அதே சோலார்ல ஊர்க்காரங்க போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தும் சம்பாதிச்சுச்சு. ஸ்பெயின்ல கட்டலோனியாவுல குயிஃபிநெட்னு மக்களே சேர்ந்து போட்ட நெட்வொர்க் 2004-ல ஆரம்பிச்சு பல்லாயிரம் இணைப்புப் புள்ளியோட இன்னிக்கும் ஓடுது.

இதைப் படிச்சுட்டு "பாத்தியா, மக்களே செஞ்சுக்கலாம், அரசாங்கம் எதுக்கு"ன்னு யாராவது கமென்ட் போட்டா கோபம் வரும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம், தேர்க் கடையாணியை வருஷம் பூரா பாத்துக்க ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சாப்பாடு வேணும். இலவசமா உழைச்ச இளைஞன் மூணாவது வருஷம் கல்யாணமாகி ஊரை விட்டுப் போயிடுவான், பாஸ்வேர்டும் அவன்கூடவே போயிடும். இது நான் கண்ணால பாத்தது, அந்த ரூட்டரை ரீசெட் பண்ணி முதல்ல இருந்து போட்டேன்.

இவ்வளவும் பேசினது நெட்டு வர்றதைப் பத்தி. வந்த பிறகு என்ன ஆகுதுங்குறது அதை விடப் பெரிய கதை. ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு 2024-ல சொன்ன கணக்குப்படி அப்ப 260 கோடி பேர் நெட்டுக்கு வெளிய இருந்தாங்க, அதுல 180 கோடி கிராமத்துல. மொபைல் கம்பெனிகளோட சங்கம் அதே வருஷம் போட்ட அறிக்கையில, டவர் சிக்னலே எட்டாத இடத்துல இருக்குறவங்க உலக மக்கள்ல 4 சதவீதம்தான், சிக்னல் எட்டியும் மொபைல் நெட் பயன்படுத்தாதவங்க 39 சதவீதம். கிட்டத்தட்ட பத்து மடங்கு! எல்லாரும் அந்த நாலு சதவீதத்துக்கு டவர் எங்க நடுறதுன்னு மட்டும் பேசிக்கிட்டு இருக்கோம்.

அந்த 39-ல யார் இருப்பாங்கன்னு யோசிச்சா, போனே வாங்க முடியாதவங்க, வாங்கியும் வீட்டுக்கு ஒண்ணுதான், அது மகன் கையிலயோ புருஷன் கையிலயோ இருக்கும். ஓடிபி வந்தா அவங்களுக்குத்தான் வரும். அந்தம்மா பேர்ல இருக்குற கணக்குக்கு அந்தம்மா கையில சாவி இல்ல. அப்புறம் எழுத்து. தாய்மொழியில டைப் பண்ணத் தெரியாது, ஆங்கிலம் மிரட்டும், "அனுமதிக்கவும்" "நிராகரிக்கவும்"னு தமிழ்ல போட்டாக்கூட எதை அனுமதிக்கிறோம்னு படிச்சவனுக்கே புரியுறதில்ல. அப்புறம் இந்த வெப்சைட் செய்யுறவங்க. ஒரு சராசரிப் பக்கமே இப்ப 2 எம்பிக்கு மேல. ஒரு விண்ணப்பத்தை அரை மணி நேரம் தடவித் தடவி நிரப்பி, போட்டோ ஏத்தும்போது லைன் போனா திரும்ப முதல்ல இருந்து பேரு, அப்பா பேரு. ஓடிபிக்காக ஒருத்தர் மாடிக்கு ஏறி கையைத் தூக்கிக்கிட்டு நின்னு, நம்பர் வந்ததும் இறங்கி ஓடி வந்து பாத்தா "உங்கள் நேரம் முடிந்தது". இதைச் செஞ்சவங்களை ஒரு வாரம் அந்த நாலாவது தாவல் டவர்கிட்ட உக்கார வைக்கணும். விட்ட இடத்துல இருந்து தொடர வைக்கிறதும், பாதி நிரப்பினதைச் சேமிச்சு வைக்கிறதும் ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்ல, மனசு வச்சா ஒரு வாரத்துல முடியும்.

சொல்லிக் கொடுக்குறதுன்னா நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சது ஒரு நாள் முகாம், பேனர், குரூப் போட்டோ. அதுல யாரும் எதையும் கத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. வாராவாரம் ஒரே இடத்துல ஒரே ஆள் உக்காந்திருந்தா வருவாங்க, அதுவும் போன வாரம் கேட்ட அதே கேள்வியோட. நான் எனக்குன்னு வச்சுக்கிட்ட விதி ஒண்ணுதான், அவங்க போனை என் கையில வாங்குறதில்ல. ரொம்ப கஷ்டம், விரல் துறுதுறுங்கும், தப்பா அழுத்தும்போது பிடுங்கிச் செஞ்சுடலாம்னு தோணும், கையைக் கட்டிக்கிட்டு வாயாலதான் சொல்லணும். (அந்தப் பாட்டி போனை வாங்கிப் பாத்தேன்னு மேல எழுதியிருக்கேன், அன்னிக்கு விதியை மீறிட்டேன், ஒத்துக்கறேன்.) டைப் பண்ணச் சொல்லிக் கொடுக்காம முதல்ல வாய்ஸ் மெசேஜ் சொல்லிக் கொடுங்க, பேசத் தெரிஞ்ச யாருக்கும் அது வரும். ரெண்டாவதா, காசு கேட்டோ நம்பர் கேட்டோ யார் கூப்பிட்டாலும் வச்சுடுறது எப்படின்னு. ஒரு தடவை ஏமாந்தவங்க அப்புறம் போனைத் தொட மாட்டாங்க, அவங்களைப் பாத்து அந்தத் தெருவே தொடாது.

அந்தப் பாட்டிகிட்ட கடைசியில பைப் கதையைத்தான் சொன்னேன். உடனே பிடிச்சுக்கிட்டாங்க. "அப்ப விடியக்காலையில எல்லாரும் தூங்கும்போது பிடிச்சு வச்சுக்கணும்னு சொல்லு"ன்னாங்க. ஆமா பாட்டின்னேன். இப்பல்லாம் காலையில அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வருது, பேரனுக்கு அனுப்பிட்டு அப்படியே எனக்கும் ஒண்ணு. சாயங்காலம் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. அவங்க பேர்ல ஒரு புகார் போட்டுக் கொடுத்திருந்தேன், போன வாரம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு ஆப்ல பதில் போட்டிருக்காங்க. அது பாட்டி போனுக்கு வந்து சேர்ந்தது மறுநாள் காலை நாலே முக்காலுக்கு.